மண்ணூர் பஸ் ஸ்டாப்பைக் கட்டும் தங்கைக்கு



நீ விஆர்சாட்டில் ஏற்றியிருக்கும் மெய்நிகர் உலகத்துக்குள் போய்ப் பார்த்தேன். மண்ணூரில் ஆரம்பித்து ஒரகடம் வரைக்கும் ரோடு, மேம்பாலம், கம்பெனி கேட்டுகள், கார் ஏற்றிப் போகும் ட்ரெய்லர்கள். ஷிப்ட் முடித்து வந்து ஹாஸ்டல் கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இவ்வளவும் பிளெண்டரில் செய்திருக்கிறாய் என்றால் உன் கை நல்ல கை. ஆனால் எவ்வளவு தூரம் நடந்தும் எனக்கு உட்காரத் தோன்றிய இடம் ஒன்றே ஒன்றுதான். மண்ணூர் பஸ் ஸ்டாப். பக்கத்தில் டீக்கடை, அதன் பெஞ்சு, கம்பெனி பஸ் திரும்பி நிற்கும் இடம். அதை மட்டும் வைத்துக்கொள். மிச்ச ரோட்டை வேறு ஃபோல்டரில் பத்திரப்படுத்து.

சொல்வது உனக்கு வலிக்கும், தெரியும். ஆனால் விஆர்சாட்டில் ஒருவர் குரல், நாம் மாற்றி வைக்காவிட்டால், 25 மீட்டருக்கு மேல் கேட்காது. உன் தோழிகள் நாலு பேர் அந்த ரோட்டில் ஆளுக்கொரு பக்கம் போனால் ஒருத்தி பேச்சு இன்னொருத்திக்குக் கேட்காது. அவர்களிடம் ஹெட்செட்டும் இல்லை, ஆண்ட்ராய்டு போன்தான். போனுக்கான உலகம் 100 எம்பிக்குள் இருக்க வேண்டும். டியூப் லைட் ஒவ்வொன்றையும் ரியல்டைம் விளக்காக விட்டிருக்கிறாய். எல்லா வெளிச்சத்தையும் முன்கூட்டியே டெக்ஸ்சரில் பதித்து (பேக் செய்து) விடு, போன் அவ்வளவு சூடாகாது.

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் நடந்த கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? கல்யாணம் ஊரில், ரிசப்ஷன் மெய்நிகர் உலகத்தில். ஹாரி பாட்டர் படிக்கும் பள்ளி மாதிரி மண்டபம் கட்டியிருந்தார்கள். மணப்பெண்ணின், முந்தின வருஷம் இறந்துபோன அப்பாவும் அவதாராக அங்கே இருந்தார். அந்த மண்டபத்தின் கோபுரம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்பா இருந்தார் என்பதுதான் மனசில் நிற்கிறது. உன் உலகத்திலும் கடைசியில் நிற்கப்போவது யார் வந்தார்கள், அவர்களுக்கு அங்கே என்ன கிடைத்தது என்பதுதான்.

ஸ்டாப்பில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார். யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ்ப்ரோவுக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டத் தெரியாது. ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்று அடித்தால் ‘பெ’வின் கொம்பு ‘ப’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது, ‘தூ’ இரண்டாக உடைகிறது. நீ அதை அப்படியே விட்டு, கீழே இங்கிலீஷில் பெரிதாக எழுதிவிட்டாய். வேண்டாம். இங்க்ஸ்கேப்பில் பலகையை எழுதி, படமாக எடுத்து டெக்ஸ்சராக ஒட்டு. தன் ஊர்ப் பெயரை ஒழுங்கான தமிழில் பார்க்கிறவளுக்கு இது நம் இடம் என்று சொல்ல வேறெதுவும் வேண்டியதில்லை.

அடுத்தது, டீக்கடை ஷட்டர். அதைத் திறக்க நெட்வொர்க் ஈவென்ட் அனுப்பியிருக்கிறாய். அனுப்பிய நொடியில் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். பத்து நிமிஷம் கழித்து வருகிறவளுக்கு ஷட்டர் மூடியே இருக்கும். மற்றவர்கள் உள்ளே சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவள் மூடின கதவைப் பார்த்து நிற்பாள். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை சிங்க் ஆகும் வேரியபிளில் வை. யார் எப்போது வந்தாலும் அந்த நிலவரம் அவர்களுக்குப் போய்விடும். செகண்ட் ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து, சாப்பிட்டுவிட்டு வரும் பெண்களுக்காகத்தானே கட்டுகிறாய்? உன்னிடம் வருகிற எல்லோரும் தாமதமாகத்தான் வருவார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பாவெல் கர்டிஸ் 1990-ல் தொடங்கிய லாம்டாமூ வெறும் எழுத்தாலான உலகம். படம் கிடையாது, குரல் கிடையாது. 1993-ல் ஒருவன் அதில் ஒரு புரோகிராமை வைத்துக்கொண்டு, மற்றவர்களின் பாத்திரங்கள் ஆபாசமாக நடந்துகொள்வதாகப் பலர் முன்னிலையில் எழுதிக் காட்டினான். எழுத்துதானே என்று பாதிக்கப்பட்டவர்களால் விட்டுவிட முடியவில்லை. கூடிக்கூடிப் பேசினார்கள். நிர்வாகி ஒருவர் அவனை நீக்கினார். பிறகுதான் மனு, வாக்கெடுப்பு என்று முறைகள் வந்தன. உன் தோழிகளுக்கு அப்படி ஒன்று நடந்த பிறகு விதி எழுதலாம் என்று காத்திருக்காதே. பொதுவில் திறக்காதே. ஒரு குரூப் தொடங்கி, அதன் உறுப்பினர்கள் மட்டும் நுழையும் குரூப் இன்ஸ்டன்ஸாகத் திற. வெளியேற்றும் அதிகாரத்தை எல்லோரும் நம்பும் இரண்டு பேருக்குக் கொடு. சொந்தப் பெயர், ஹாஸ்டல் பெயர், ஷிப்ட் நேரம் எதையும் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடு. கம்பெனி லோகோவை எடுத்துவிடு. கம்பெனிக்குள்ளே உற்பத்தி லைன் எப்படி இருக்கும் என்று ஞாபகத்திலிருந்து கட்டவே கட்டாதே, வேலைக்கு ஆபத்து.

இன்னொன்று, இந்த மாதிரி மெய்நிகர் தளங்களும் ஒருநாள் மூடப்படலாம். ஆல்ட்ஸ்பேஸ்விஆரை மைக்ரோசாஃப்ட் 2023 மார்ச்சில் மூடியது. மொசில்லா தன் ஹப்ஸ் சேவையை 2024 மே மாதத்தோடு நிறுத்தியது. 2014-ல் நோக்கியா ஆலை மூடியதைப் பார்த்த வட்டாரம் உன்னுடையது, உனக்கு நான் விளக்க வேண்டாம். ஏற்றிவிட்ட உலகத்தைத் திரும்ப ப்ராஜெக்டாக எடுக்க முடியாது. பிளெண்டர் கோப்பு, யூனிட்டி ப்ராஜெக்ட், நீ பதிவு செய்த பஸ் ஹார்ன் எல்லாவற்றையும் தனி ஹார்டு டிஸ்க்கில் வை.

வாரம் ஒருநாள், ஞாயிறு ராத்திரி பத்தரைக்குத் திற, பன்னிரண்டுக்கு மூடு. அந்த நேரம் முழுக்க நீ உள்ளே இரு. வருகிறவளை வாங்க என்று கூப்பிடு, மைக்கை எங்கே தட்ட வேண்டும் என்று காட்டு. மூன்று பேர்தான் வந்தார்கள் என்றாலும் மறுவாரம் அதே நேரத்துக்குத் திற. ஷட்டரைச் சரி செய்ததும் சொல், வேண்டுமென்றே பதினொன்றேகாலுக்கு வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்