ஏற்றமும் கியரும்

ஆரியசாலையில் வாழும் நான் பாளையத்திலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரிக்கு நாள்தோறும் சைக்கிளில் செல்பவன். என் பழைய வண்டிக்குக் கியர் கிடையாது. கிழக்குக் கோட்டையைக் கடந்து, ஆயுர்வேதக் கல்லூரி ஏற்றம் வந்ததும் இறங்கித் தள்ளுவேன். வியர்வையோடு வகுப்பில் அமர்வேன். சென்ற திங்கள் கியர் வண்டி வாங்கினேன். “கால் வலுவில்லாதவனுக்குத்தானே கியர்!” என நண்பர்கள் நகைத்தனர்.

உண்மை யாது? மிதியடியோடு சுழலும் பற்சக்கரத்தில் 44 பற்கள், பின்னே 22 பற்கள் எனக் கொள்வோம். மிதி ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் இருமுறை சுழலும். வண்டி ஏறத்தாழ 4 மீட்டர் செல்லும். இரண்டிலும் 32 பற்களானால் ஒருமுறையே சுழலும். 2 மீட்டரே செல்லும். ஆனால், காலுக்கு வேண்டிய விசையும் பாதியாகும். ஏறும் வேலை குறையவில்லை. தூரத்தைக் கொடுத்து எளிமையைப் பெறுகிறோம்.

பிரான்சு நாட்டின் பெரும் சைக்கிள் பந்தயத்திலேயே கியர் மாற்றியை 1937-இல்தான் அனுமதித்தனர். அதன்பின் ஓட்டியவர்கள் வலுவற்றவர்களா?

இன்று அதே வண்டி கல்லூரிக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும், ஞாயிறன்று கோவளத்துக்கும் செல்கிறது. தோழர்களே, ஏற்றமறிந்து மிதிப்பது கோழைத்தனமன்று, அறிவுடைமையே.