பழைய படகும் அதன் கணக்கும்

போபோடியையும் தாபோடியையும் இணைக்கும் ஹாரிஸ் பாலத்தின் மேல் நாள்தோறும் செல்வோர் பலர். கீழே ஓடும் முளா ஆற்றை நின்று நோக்குவோர் சிலரே. ஆயினும் புனே நகருக்கும் படகுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ராயல் கன்னாட் படகுக் கழகம் 1868ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. முளாவும் முட்டாவும் கூடும் இடத்தருகே, பொறியியல் கல்லூரி மாணவர்களின் படகுக் கழகம் 1928 முதல் இயங்கி வருகிறது. போபோடிக்கு எதிர்க்கரையில், தாபோடியிலுள்ள இராணுவப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் இராணுவத்தின் துடுப்புப் பயிற்சி மையம் அமைந்துள்ளது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் நால்வர் துடுப்புப் பந்தயத்தில் இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்தவர்கள் இராணுவ வீரர்களே.

இன்றைய பந்தயப் படகுகள் கரியிழையால் ஆனவை. அவை வருவதற்கு முன் எல்லாம் மரமே. கழகங்களின் கொட்டகைகளிலும், கடற்கரையூர்களின் மணல்மேட்டிலும், சில வீடுகளின் பின்கட்டிலும் பழைய மரப்படகுகள் இன்னும் கவிழ்ந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு நீரில் இறக்க வேண்டும் என்னும் ஆசை, குறிப்பாக ஓய்வுபெற்றபின் கையில் ஒரு தொகையும் நேரமும் உள்ளவர்களுக்கு எழுவது இயல்பு. அந்த ஆசையைத் தடுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் கணக்கை முன்கூட்டியே எழுதிப் பார்க்க உதவுவதே நோக்கம்.

முதலில் ஒரு மனிதரின் வரலாறு. நெல்சன் தளபதியின் கொடிக்கப்பலாக விளங்கிய ஃபூட்ராயன் என்னும் போர்க்கப்பல் 1798இல் நீரில் இறக்கப்பட்டது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அதனை உடைத்து விறகாக்கும் பொருட்டு ஜெர்மனியர் ஒருவருக்கு விற்றுவிட்டனர். பிரிட்டனில் எதிர்ப்புக் கிளம்பியது. வீட்லி காப் என்னும் செல்வர் அதனை மீட்டு வாங்கினார். பழைய தோற்றத்துக்குக் கொண்டுவர அவர் செலவிட்ட தொகை 20,000 பவுன். வாங்கும்போது அவர் கண்டது கப்பலின் பெருமையை. வாங்கியபின் கண்டது அதன் செலவை. அத்தொகையில் ஒரு பகுதியையேனும் ஈட்டுவதற்காகக் கடற்கரை நகரங்களில் கப்பலைக் காட்சிக்கு நிறுத்தினார். 1897 ஜூன் 16 அன்று பிளாக்பூல் நகரின் அருகே நின்றிருந்தபோது புயல் வீசியது. நங்கூர வடம் அறுந்தது. கப்பல் கரையில் மோதிச் சிதைந்தது. மாலுமிகள் மீட்புப் படகால் காப்பாற்றப்பட்டனர். கப்பலின் மரம் மேசை நாற்காலிகளாகவும் செம்பு நினைவுப் பதக்கங்களாகவும் மாறின.

கணக்கறிந்த எவரும் அத்துடன் கைகழுவியிருப்பர். காப் அவ்வாறு செய்யவில்லை. அதே ஆண்டில் மற்றொரு பழைய கப்பலை வாங்கினார். அதன் பெயர் டிரின்கோமாலி, அதாவது நம் திருகோணமலை. அது கட்டப்பட்ட இடம் பம்பாய். கட்டியவர் புகழ்பெற்ற பார்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. மரம் மலபார்த் தேக்கு. கட்டுமானச் செலவு 23,000 பவுன். இங்கிலாந்தில் ஓக் மரம் அருகியிருந்ததால் வேலை பம்பாய்க்கு வந்தது. வரைபடங்களை ஏற்றி வந்த ஜாவா என்னும் கப்பலை 1812இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று அழித்துவிட்டதால் வேலை தாமதமாயிற்று. 1817 அக்டோபர் 12 அன்றுதான் கப்பல் நீரில் இறங்கியது. காப் இதற்கு, இழந்த கப்பலின் பெயரையே சூட்டிப் பயிற்சிக் கப்பலாக்கினார். 1986 வரை இளைஞர்கள் அதில் பயின்றனர். பின்னர் ஹார்ட்டில்பூல் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1990இல் தொடங்கிய செப்பனிடும் பணி 2001இல் முடிந்தது. கட்டியதற்குப் பல மடங்கு காலம் சீரமைப்பதற்கு! பிரிட்டனில் இன்றும் மிதந்துகொண்டிருக்கும் மிகப் பழைய போர்க்கப்பல் அதுவே. அதன் உடலில் பம்பாய்த் தேக்கின் பெரும்பகுதி இன்னும் இருக்கிறது.

இரண்டு கப்பல்களுக்கும் உடைமையாளர் ஒருவரே. அவருடைய அன்பிலும் குறைவில்லை. முதலாவது, போட்ட பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்னும் நெருக்கடியில் திறந்த கடற்கரையில் நின்று அழிந்தது. இரண்டாவது, ஆண்டுதோறும் ஒரு பணியைச் செய்து தன் பராமரிப்புக்கு வழிதேடிக்கொண்டு பிழைத்தது. பதினான்கு அடிப் படகுக்கும் இந்த வேறுபாடு பொருந்தும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

இனி நம்மூர்ப் படகுக்கு வருவோம். கொங்கணக் கரையிலிருந்து ஒரு பழைய மரப்படகை வாங்கிப் புனேக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். கடலில் மரத்துக்குப் பெரும் பகை கப்பற்புழு. அது மரத்தை உள்ளிருந்தே துளைத்து உண்ணும். அதற்கு அஞ்சியே பெருங்கப்பல்களின் அடியில் செப்புத்தகடு அறைந்தனர். நன்னீரில் அப்புழு வாழாது. ஆகவே ஆற்றுக்கும் ஏரிக்கும் வந்த படகு தப்பித்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் நன்னீருக்கு வேறொரு பகை உண்டு: பூஞ்சையால் வரும் உளுப்பு. உப்புநீர் மரத்தை ஓரளவு காக்கும், மழைநீர் காப்பதில்லை. படகின் வெளிப்பக்கம் ஆற்றைத் தொடுவதால் வரும் கேட்டைவிட, உட்பக்கத்தில் மழைநீர் தேங்குவதால் வரும் கேடு பெரிது. மூடுதுணியின்றி ஒரு புனே மழைக்காலத்தைக் கழித்த படகை வாங்குமுன் இருமுறை சிந்திக்க வேண்டும்.

வண்ணப்பூச்சைக் கண்டு மயங்கலாகாது. இருக்கைப் பலகைகளின் அடியிலும், அணியத்தின் மூலையிலும், படகின் விலா எலும்புகளாகிய வங்குகள் அடிக்கட்டையோடு சேரும் இடங்களிலும் ஒரு திருப்புளியின் முனையை அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். உளுத்த மரம் ரொட்டிபோல் வழிவிடும். சிறு மரச்சுத்தியால் தட்டினால் நல்ல பலகை கணீரென ஒலிக்கும், கெட்டது மந்தமாக ஒலிக்கும். ஆணிகளையும் பார்க்க வேண்டும். இரும்பாணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அவ்விடம் பலமிழந்துள்ளது. பித்தளைத் திருகாணி உப்புநீரில் நெடுங்காலம் இருந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய், இளஞ்சிவப்பு நிறத்தில் நொறுங்கும் செம்பு மட்டும் எஞ்சும். தலை நன்றாக இருக்கும்; உடல் இராது. ஒன்றிரண்டைக் கழற்றிக் காட்டும்படி விற்பவரைக் கேட்பதில் தவறில்லை. மறுத்தால் அதுவே ஒரு விடை.

‘கண்ணாடியிழை போர்த்தியாயிற்று, இனி நூறாண்டுக்குக் கவலையில்லை’ என்று விற்பவர் சொன்னால் மேலும் எச்சரிக்கை வேண்டும். ஈரம் காயாத பழைய பலகைகளின் மேல் போர்த்திய பிசின் உறை, ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். மரம் பார்வைக்குத் தெரியாமல் அழியும். போர்வை இல்லாத, அழுக்கடைந்த, குறைகள் வெளியே தெரியும் படகே பெரும்பாலும் நேர்மையான படகு.

இவற்றையெல்லாம் தாமே அறிந்தவர் வாங்கும் விதம் வேறு. 1930களில் வல்வெட்டித்துறையில் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். அவர் சிறு படகில் உலகைச் சுற்றி வந்தவர். யாழ்ப்பாணத் தச்சர்களின் கைத்திறனை மதிப்பிட அவருக்குக் கண் இருந்தது. புதுப்பெயர் பெற்ற அக்கப்பலைத் தமிழ் மாலுமிகள் 1938இல் அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகம் வரை கொண்டுசென்றனர். அத்தகைய கண் நமக்கு இல்லையென்றால், படகுத் தச்சர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் சென்று காட்டுவதே முறை. கட்டிடத் தச்சர் இதற்குப் போதார். வீட்டுக் கதவில் நேர்கோடு அழகு. படகில் நேர்கோடு என்பதே கிடையாது.

கணக்கைப் பார்ப்போம். கீழ்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஊருக்கும் படகுக்கும் ஏற்ப மாறும். படகின் விலை 50,000 ரூபாய். சரக்கு வண்டியில் மலையேற்றிக் கொண்டுவர 15,000. தேக்குப் பலகையும் தச்சர் கூலியும் 85,000. செப்பாணி, பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரி செலுத்தி அடைக்கும் கலப்பற்று வேலை, வண்ணம் ஆகியவற்றுக்கு 30,000. துடுப்பு, உயிர்காப்புச் சட்டைகள், மூடுதுணிக்கு 20,000. ஆக 2,00,000. விலை நான்கில் ஒரு பங்குதான். மற்ற மூன்று பங்கும் விலைச்சீட்டில் இல்லாதவை. இதோடு முடிவதுமில்லை. ஒரு பலகையைக் கழற்றினால் அடுத்த பலகையின் நிலை தெரியவரும். எனவே செப்பனிடும் செலவாகிய 1,50,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 50,000 ரூபாயைத் தனியே ஒதுக்கிவைக்காமல் வேலையைத் தொடங்கலாகாது. பாதியில் நிற்கும் படகுக்குச் சந்தையில் விலையே கிடையாது. வாங்கிய நிலையில் விற்றிருந்தால்கூட ஏதேனும் கிடைத்திருக்கும்.

கடன் வாங்கலாமா என்னும் வினா எழும். பழைய மரப்படகை ஈடாக ஏற்றுக் கடன் கிடைப்பது அரிது. ஆதலால் பெரும்பாலோர் தனிநபர் கடனை நாடுவர். 2,00,000 ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுத் தவணையாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 6,643 ரூபாய். மொத்த வட்டி 39,000 ரூபாய்க்குச் சற்று அதிகம். படகின் விலையில் பெரும்பகுதியை மறுமுறை கொடுத்ததற்குச் சமம். கையில் நிலைவைப்பு இருந்தால் அதன் மீது கடன் பெறுவதில் வட்டி பொதுவாகக் குறைவு. இவற்றினும் மேலானது, படகைத் தேடத் தொடங்கும் நாளிலேயே ஒரு தொடர்வைப்புக் கணக்கைத் தொடங்கிவிடுவது. நல்ல படகு கிடைக்க எப்படியும் ஓராண்டேனும் ஆகும். அவசரப்பட்டு வாங்குவதற்கு இது திருமண முகூர்த்தமன்று.

வாங்கியபின் அக்கணக்கை மூடவும் வேண்டா. ஆண்டுதோறும் சுரண்டி வண்ணம் பூசுதல், நிறுத்துமிடக் கட்டணம், கழகச் சந்தா, காப்பீடு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய் என வைத்தாலும் மாதம் 2,000 ஆகிறது. மழைக்காலத்தில் அணைநீர் திறக்கப்படும்போது ஆறு பெருகும். கோடையில் ஆகாயத்தாமரை நீரை மூடும். எஞ்சிய மாதங்களில் ஆண்டுக்கு இருபது நாள் படகேறினால் ஒரு நாளுக்கு 1,200 ரூபாய் விழுகிறது. இதில் முதலீட்டைச் சேர்க்கவில்லை. நீரில் செல்வது மட்டுமே விருப்பமெனில், ஒரு கழகத்தில் உறுப்பினராகி அவர்கள் படகைச் செலுத்துவது மலிவு. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

காப்பீட்டைப் பற்றி ஒரு சொல். 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறியிருந்தாலன்றி, வழக்கமான தேய்மானம், வழக்கமான கசிவு, பொருளின் இயல்பிலேயே உள்ள குறை, எலியும் புழுபூச்சியும் செய்த அழிவு ஆகியவற்றுக்குக் காப்பீட்டாளர் பொறுப்பல்லர் என்கிறது. பழைய மரப்படகுக்கு வரும் கேடுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் விலக்கிவிட்டது போலத் தோன்றும்! புயலும் மோதலும் காப்பீட்டின் பாற்பட்டவை. உளுப்பு நம் பாற்பட்டது. இயந்திரம் பொருத்தினால், 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி அளவாய்வும் பதிவும் தேவை. ஏரியிலோ நீர்த்தேக்கத்திலோ இறக்குவதற்கு அனுமதி யாரிடம் பெறவேண்டும் என்பதைப் படகை வாங்குமுன் கேட்டறிதல் நலம்.

இவ்வளவுக்குப் பின்னும் ஏன் மக்கள் பழைய படகை வாங்குகிறார்கள்? செலுத்துவதற்காக மட்டும் அன்று என்பதே விடை. ஒரு வங்கைக் கழற்றி, அதே வளைவில் புதியதொன்றை இழைத்துப் பொருத்தும்போது, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் அதனை இழைத்தவர் என்ன எண்ணினார் என்பது கைக்குத் தெரிகிறது. எழுதிவைக்கப்படாத அறிவு அது. படகுத் தச்சர்கள் குறைந்துவரும் இந்நாளில் அதை நேரில் பெறும் வாய்ப்பு எளிதில் கிட்டுவதன்று. அலுவலகத்தில் நாற்பதாண்டு கோப்புகளைப் புரட்டியவருக்கு, ஒரு நாளின் வேலை ஒரு பலகையாகக் கண்முன் நிற்பது சிறிய இன்பமன்று. இருவர் மூவர் நண்பர்களாகச் சேர்ந்து வாங்கினால் செலவு பிரியும். வேலை நாள்கள் கூடும். அப்போது யாருடைய பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் எவ்வாறு தீர்ப்பது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, கூட்டுக் கணக்கொன்றில் பணத்தை வைப்பது நட்பைக் காக்கும்.

செப்பனிட்ட படகை மழை ஓய்ந்து, ஆறு தெளிந்த பின் இறக்க வேண்டும். முதல் நாள் அது ஒழுகும். பல மாதங்கள் காய்ந்து சுருங்கிய பலகைகளின் இடுக்கு வழியே நீர் புகுவது இயல்பே. புதிதாகப் படகு வாங்கியவர்கள் இதைக் கண்டு தச்சரை ஏசுவதுண்டு. இடுக்குகளில் மேலும் பஞ்சைத் திணிக்கவும் கூடாது. பின்னர் பலகை ஊறும்போது ஆணியைப் பிடுங்கிவிடும். ஆழமற்ற கரையோரத்தில் கட்டிவைத்து, புகுந்த நீரை அவ்வப்போது இறைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் காத்திருந்தால் போதும். மரம் நீரைக் குடித்துப் பருத்து, தன் இடுக்குகளைத் தானே மூடிக்கொள்ளும்.