குழந்தை இன்னும் தலை திரும்பலையா?

“மூச்சுப் பிடிப்பா? காலால் பிறந்தவங்க யாராச்சும் இருந்தா முதுகில் லேசா ஒரு மிதி மிதிக்கச் சொல்லு, சரியாயிடும்!” இப்படி வைத்தியம் சொல்லும் பாட்டிமார்கள் இன்றும் உண்டு. அந்தக் காலத்தில் கால் முன்னே வந்து, நல்லபடியாகப் பிழைத்த குழந்தை அபூர்வம். அதனால் வந்த பெருமையோ என்னவோ!

ஏழாம் மாத ஸ்கேனில் ‘பிரீச்’ என்று எழுதியிருக்கிறதா? அதாவது, குழந்தையின் தலை மேலே, பிட்டமோ காலோ கீழே. உடனே கலங்கிவிடாதீர்கள். 28-வது வாரத்தில் நாலைந்து குழந்தைகளில் ஒன்று இப்படித்தான் இருக்கும். பெரும்பாலானவை தானாகவே திரும்பிவிடும். பிரசவ நேரத்தில் திரும்பாமல் இருப்பவை நூற்றுக்கு மூன்று, நான்குதான்.

முக்கியமானது 36-வது வாரம். நம் வீட்டு வழக்கம் குறுக்கே வருவதும் இங்கேதான். உதாரணத்துக்கு, நீங்கள் படப்பையில் குடியிருக்கிறீர்கள். கணவருக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. செக்கப் எல்லாம் தாம்பரத்தில். வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள். அங்கே புது ஊர், புது டாக்டர். இந்த மாற்றத்தில் 36-வது வாரம் கைநழுவிப் போய்விடுகிறது. குழந்தை திரும்பியதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்! ஆகவே, எந்த ஊரில் இருந்தாலும் அந்த வாரத்தில் டாக்டரிடம் போய், “தலை எங்கே இருக்கு?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

திரும்பவில்லை என்றால்? டாக்டரே வயிற்றின் மேல் கை வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். முதலில் ஸ்கேன் எடுத்து, குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கர்ப்பப்பை இளக ஊசி. பிறகு மெல்ல அழுத்தி, குட்டிக்கரணம் போடுவது போலத் திருப்புவார்கள். வலி கொஞ்சம் இருக்கும். சுமார் பாதிப் பேருக்குப் பலிக்கும்; தலைப்பிரசவம் என்றால் அதைவிடக் குறைவு. இருநூறில் ஒருவருக்கு உடனே சிசேரியன் தேவைப்படலாம் என்பதால், ஆபரேஷன் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். நஞ்சு கீழே இருந்தாலோ, சமீபத்தில் ரத்தப்போக்கு இருந்தாலோ, இரட்டைக் குழந்தை என்றாலோ இது கூடாது. உங்களுக்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், அதற்குத் தனி ஊசி உண்டு.

விளக்கெண்ணெய் தடவி வயிற்றை உருவிவிடும் கைவைத்தியம் வேறு, இது வேறு. அதற்கு மட்டும் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள்.

அடுத்து, சிசேரியனா சுகப்பிரசவமா? தலை முதலில் வந்தால் பாதை பல மணி நேரத்தில் மெல்ல விரியும். பிரீச்சில் பெரிய பாகமான தலை கடைசியில் வருகிறது. அந்த நேரம் தொப்புள் கொடி நசுங்கினால் ஆபத்து. 26 நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2000-ல் வெளியானது. முன்கூட்டித் திட்டமிட்ட சிசேரியனே குழந்தைக்குப் பாதுகாப்பு என்றது. உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆனால் 2004-ல் அதே குழந்தைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் பார்த்தபோது, இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை! இதற்குள் பிரீச் பிரசவத்தில் கைதேர்ந்த டாக்டர்கள் குறைந்துவிட்டார்கள். பாதம் முன்னே இல்லாமல், குழந்தை அளவான எடையில், தலை குனிந்த நிலையில், அனுபவசாலி டாக்டரும் தியேட்டரும் தயாராக இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். இல்லையென்றால் 39-வது வாரத்தில் சிசேரியன்தான் நல்லது. ஆபரேஷன் அன்று காலையில் மறுபடி ஒரு ஸ்கேன் கேளுங்கள். கடைசி நேரத்தில் திரும்பிக்கொள்ளும் குறும்புக்காரர்களும் உண்டு!

அதற்கு முன்பே வீட்டில் பனிக்குடம் உடைந்தால், வலிக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கண்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் நெருக்கும் நேரமாகவும் இருக்கலாம். கொடி வெளியே தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். முழங்காலிட்டு, தலையைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. பிரீச் குழந்தைக்கு இடுப்பு மூட்டு விலகியிருக்க வாய்ப்பு சற்று அதிகம். ஆறாவது வாரத்தில் இடுப்புக்கு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அதுவரை குளிப்பாட்டும் பாட்டியிடம், “காலை இழுத்து நீட்டி உருவாதீங்க பாட்டி” என்று பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.