கழிவுநீருக்கு எந்த முறை? பால்கோவாக் கடை முதல் பேண்டேஜ் பட்டறை வரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டிய சட்டியைக் கழுவும் நீரும், ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வெளுத்த நீரும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே இயந்திரத்தைத் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. நம் தண்ணீரில் என்ன இருக்கிறது, அதிலிருந்து எதைத் திரும்ப எடுக்கலாம் என்று பார்த்துவிட்டு முறையைத் தேர்ந்தெடுப்பதே லாபம்.

பால்கோவாக் கூடம், பால் பண்ணை

ஒரு லிட்டர் பாலைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குச் சுமார் 100 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் வீட்டுச் சாக்கடைக்குக் கால் கிராம் போதும். சாக்கடையில் கலக்கும் ஒரு லிட்டர் பால், 400 லிட்டர் சாக்கடையின் சுமையைக் கூட்டுகிறது. அதனால் முதல் வேலை, சட்டியில் ஒட்டியதைத் தண்ணீர் விடுவதற்கு முன்பே கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுவது.

மிச்சத்துக்கு இரண்டு வழி. ஒன்று, புளோயரால் காற்று செலுத்தும் தொட்டி. நீர் நன்றாகத் தெளியும். ஆனால் புளோயர் இரவு பகலாக ஓட வேண்டும், சேறும் நிறைய சேரும். மற்றொன்று, காற்றுப் புகாத கலன். கரண்ட் அதிகம் கேட்காது. ஒரு கிலோ ஆக்சிஜன் தேவையுள்ள கழிவு முழுதாகச் சிதைந்தால் 350 லிட்டர் வரை மீத்தேன் தரும். அதை அடுப்புக்குத் திருப்பலாம். குளிர்நாடுகளில் கலனைச் சூடாக்கவே செலவாகும். நம் வெயிலுக்கு அந்தக் கவலை குறைவு.

இங்கே என் தேர்வு காற்றுப் புகாத கலன்தான். ஆனால் முன்னால் கொழுப்புப் பிடிக்கும் தொட்டி அவசியம். பால் சர்க்கரை சீக்கிரம் புளித்து அமிலமாகும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் அதில் சோர்ந்துவிடும். சாணக் கரைசலோடு தொடங்கி, கழிவை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். வெளிவரும் நீரை அப்படியே தோட்டத்துக்கு விடாமல், இன்னொரு படி சுத்திகரிக்க வேண்டும்.

கல்லூரி விடுதி, பள்ளி

இடம் இருந்தால் வேர்மண்டலப் படுகை. ஜல்லிக்குள் நீர் ஓடும். மேலே கல்வாழை, நாணல். நீர் மேலே தேங்காததால் கொசு வராது. ஆளுக்குச் சுமார் 1 முதல் 2 சதுர மீட்டர் வேண்டும். முன்னால் செப்டிக் டேங்க் சரியாக இல்லாவிட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். இடம் குறுகலானால் புளோயர் முறைதான். பராமரிக்க ஆள் வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

பேண்டேஜ் பட்டறை

இங்கே கலனுக்கு முன்பே ரசாயனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குளோரின் கலவையால் வெளுத்தால், மிஞ்சும் குளோரின் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்களையே கொல்லும். நச்சுள்ள குளோரின் சேர்மங்களும் உருவாகும். அதற்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுத்தால், அது நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். கடைசி அலசலின் நீரை முதல் அலசலுக்குத் திருப்பினால் தண்ணீரும் மிச்சம்.

கழிவுநீரில் வரும் காஸ்டிக் சோடாவை ஆசிட் விட்டுச் சரிக்கட்டினால் உப்பு மிஞ்சும். அதை நாணலோ நுண்ணுயிரோ நீக்காது, ஆர்.ஓ.வும், அது ஒதுக்கும் நீரை ஆவியாக்கும் அமைப்பும் வேண்டும். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின், அங்கே கழிவே வெளியேறாத முறைக்கு மாற வேண்டியதாயிற்று. தனிப்பட்டறைக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதே வழி.

வீடு

குளியல் நீரைக் கழிப்பறை நீரோடு கலக்காமல் வாழை, தென்னைக்கு விடுங்கள். கழிப்பறைக் கழிவில் நைட்ரஜனின் பெரும்பங்கு சிறுநீரில்தான். அதைத் தனியே பிரித்து உரமாக்கும் கழிப்பறைகளைத் திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் நடத்திக் காட்டியது. கொல்லைப்புறமும் மரங்களும் உள்ள வீட்டுக்கு இது பொருந்தும்.

ஆய்வில் இருப்பவை

கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் நுண்ணுயிர் எரிபொருள் கலனில் இப்போது பணம் போட வேண்டாம். பாஸ்பரஸைப் படிகமாகப் பிரித்தெடுக்கும் ஸ்ட்ருவைட் முறை பெரிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கே ஏற்றது.

ஆர்டர் கொடுக்கும் முன் வேலை நாள் ஒன்றில் காலை முதல் மாலை வரை மணிக்கொரு மாதிரி எடுத்து, கலந்து பரிசோதிக்கக் கொடுங்கள். காலையில் மட்டும் எடுத்தால் கணக்கு தப்பும். விற்பவரிடம் கலனின் விலையோடு மாதக் கரண்ட் செலவையும், சேறு எங்கே போகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.