மூளை அழற்சியும் வைட்டமின் டி சத்தும்

தன்னெதிர்ப்பு மூளை அழற்சி என்றால் என்ன?
கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், தவறுதலாக நம் மூளையையே தாக்கும் நோய் இது. இதன் முக்கிய வகை ஒன்றை டாக்டர் ஜோசப் டால்மாவ் குழுவினர் 2007-இல் கண்டறிந்தனர். அவ்வகை இளம் பெண்களையும் பிள்ளைகளையும் அதிகம் தாக்குகிறது. சில பெண்களுக்குச் சூலகத்தில் உள்ள கட்டியே அதைத் தூண்டுகிறது.

அறிகுறிகள் யாவை?
சில நாள்களில் அல்லது வாரங்களில் இவை தோன்றலாம்:
• திடீர்க் குணமாற்றம், பயம், இல்லாததைக் காண்பது, கேட்பது
• தூக்கமின்மை, மறதி, பேச்சுக் குறைதல்
• வலிப்பு, வாய் அல்லது கை கால்கள் தானாக அசைதல்
• நினைவு மங்குதல்

இதைப் பேய், செய்வினை என்று எண்ணிக் காலம் கடத்தாதீர்கள். பிரார்த்தனையைச் சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம். சிகிச்சைக்குப் பதிலாகச் செய்யக்கூடாது.

வைட்டமின் டி குறைவுதான் காரணமா?
இந்நோயாளிகள் பலரின் இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இச்சத்து நோய் எதிர்ப்பு ஆற்றலைச் சீராக வைக்க உதவுகிறது. ஆனால், குறைவுதான் நோயை உண்டாக்கியது என்று நிரூபிக்கப்படவில்லை. படுக்கையில் கிடப்பது, சரியாக உண்ணாதது, சில வலிப்பு மருந்துகள் ஆகியவற்றாலும் அளவு குறையும்.

பந்திங்கில் ஆண்டு முழுதும் வெயில் உண்டு. இருந்தும், பகல் முழுதும் வீட்டிலோ தொழிற்சாலையிலோ இருப்பவர்களுக்கு இச்சத்து குறையலாம். கருமையான சருமத்திற்குக் கூடுதல் நேரம் வெயில் தேவை.

நீங்கள் செய்ய வேண்டியவை
• வாரத்தில் சில நாள், முகத்திலும் கை கால்களிலும் சிறிது நேரம் வெயில் படட்டும்.
• மத்தி மீன், முட்டை மஞ்சள் கரு, வைட்டமின் டி சேர்த்த பால் ஆகியவற்றை உண்ணுங்கள்.
• பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதும். முதியோருக்கு 800 யூனிட்.
• மருத்துவர் சொல்லாமல் அதிக அளவு மாத்திரை உண்ணாதீர்கள். இரத்தத்தில் கால்சியம் கூடி, சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

எப்போது மருத்துவமனைக்குச் செல்வது?
குணமாற்றத்துடன் வலிப்போ நினைவு மங்கலோ இருந்தால் உடனே 999-ஐ அழையுங்கள், அல்லது பந்திங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் மருத்துவர்களே கிள்ளானில் உள்ள தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அறிகுறிகள் தொடங்கிய நாளையும், உண்ணும் மருந்துகளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் செய்யப்படலாம். ஸ்டீராய்டு, எதிர்ப்புப் புரத ஊசி, இரத்த நீர் மாற்றம் ஆகியவை சிகிச்சை முறைகள். 2013-இல் வெளியான 577 நோயாளிகள் பற்றிய ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் ஐவரில் நால்வர் நன்கு தேறியிருந்தனர். சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கியவர்கள் கூடுதலாகத் தேறினர்.

வைட்டமின் டி உடலுக்குத் துணை. இந்நோய்க்கு மருந்து அன்று. விரைந்து செல்லுங்கள், மூளையைக் காத்திடுங்கள்.