சத்தம் சொல்லும் சங்கதி

மலாக்கா மாநிலத்தின் பத்து பெரண்டாம், விமான நிலையத்தாலும் தொழிற்பேட்டையாலும் பெயர் பெற்ற ஊர். வேலை நேரம் தொடங்குவதற்கு முன் அங்குள்ள சாலைகளில் சிறிய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகச் செல்லும். தோட்டப்புறங்களில் ரப்பர்ப் பால் சுமந்த இவ்வகை வண்டிகள், இன்று தொழிலாளர்களைத் தொழிற்சாலைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கொண்டு சேர்க்கின்றன. மலேசியர்கள் இவற்றைக் ‘கப்சாய்’ என அழைப்பர்.

இவ்வண்டிகளின் மூதாதை, 1958ஆம் ஆண்டு ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் கப்’ ஆகும். 2017ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. நம் நாட்டில் புகழ்பெற்ற ‘இ.எக்ஸ்.5’ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நான்கு கியர்களைக் கொண்ட இவ்வண்டியில் கையால் இயக்கும் கிளட்ச் பிடி இல்லை. அமைப்பு எளிமையானது என்பதால், இருபது ஆண்டுகளைக் கடந்த வண்டிகள்கூட இன்னும் சாலையில் ஓடுகின்றன.

எனினும், வயதான வண்டியில் கோளாறு தோன்றுவது இயல்பு. ‘கடகட’ என்னும் சத்தம் எழும். கியர் மாற்றும்போது மிதி முரண்டு பிடிக்கும். உடனே பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினால் பணம் கரையும். கோளாறோ அப்படியே இருக்கும். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே அதைத் தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பது திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் கூறும் நெறி. அது வண்டிக்கும் பொருந்தும்.

சத்தத்தை ஆராயும்போது இரண்டு கேள்விகள் உதவும். அது எங்கிருந்து வருகிறது? எப்போது வருகிறது?

வண்டி ஓடும்போது மட்டும் சத்தம் கேட்டால், முதலில் வெளிப்பாகங்களைச் சோதிக்க வேண்டும். சங்கிலி உறை, புகைக்குழாய், மண்காப்பு ஆகியவற்றின் திருகாணிகள் தளர்ந்திருக்கலாம். பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலி தொய்ந்து, உறையில் மோதவும் கூடும். இயந்திரத்தை நிறுத்தி, வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்திய பிறகே சங்கிலியைத் தொட வேண்டும். ஒரு விரலால் மேலும் கீழும் அசைத்தால், அது ஏறத்தாழ 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை அசையலாம். சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுற்றிப் பல இடங்களில் இவ்வாறு பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இறுக்கமாகவும் வேறோரிடத்தில் தளர்வாகவும் இருந்தால் சங்கிலி தேய்ந்துவிட்டது எனலாம். அப்போது சங்கிலியோடு இரண்டு பற்சக்கரங்களையும் சேர்த்து மாற்றுவதே நலம்.

வண்டி நின்ற நிலையிலேயே, இயந்திரம் மெதுவாக ஓடும்போது இடப்பக்கம் கடகடத்து, வேகம் கூடியதும் சத்தம் குறைந்தால், உள்ளே இருக்கும் டைமிங் சங்கிலியை ஐயுறலாம். இயந்திரத்தின் வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூட இச்சங்கிலியே துணைபுரிகிறது. அதனை இறுக்கிப் பிடிக்கும் பாகம் தேய்ந்தால் சங்கிலி ஆடும். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், சங்கிலி ஒரு பல் நழுவி இயந்திரத்தையே பழுதாக்கக்கூடும். மாறாக, ‘டிக் டிக்’ எனச் சீரான சத்தம் கேட்டால், வால்வு இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும். இவ்வண்டிகளில் அந்த இடைவெளி, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீட்டர்தான்.

கியர் கோளாறுக்கும் எளிய சோதனை உண்டு. இயந்திரத்தை நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி கியரை மாற்ற வேண்டும். அப்போது எளிதாக விழுந்து, இயந்திரம் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், குறை பெரும்பாலும் கிளட்ச்சில் இருக்கும். மிதியை அழுத்தும்போது கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்பதே அதன் பொருள். வண்டி நின்ற நிலையிலும் இயந்திரம் வேகமாக ஓடினால், கிளட்ச் பாதி இணைந்து, முதல் கியர் விழும்போது வண்டி ‘தடக்’ எனக் குதிக்கும். இவ்விரு குறைகளையும் திருகாணிகளைச் சரிசெய்தே பெரும்பாலும் நீக்கிவிடலாம்.

இயந்திரம் நின்றிருக்கும்போதும் கியர் மாறாவிட்டால் மிதியின் தண்டையும் உட்பாகங்களையும் பார்க்க வேண்டும். ஓடும்போது கியர் தானாக விடுபட்டால் பற்கள் தேய்ந்திருக்கக்கூடும். இதற்கு இயந்திரத்தைப் பிரிக்க வேண்டும். ஆகவே, தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

இச்சோதனைகள் அனைத்திற்கும் முன் கவனிக்க வேண்டியது இயந்திர எண்ணெய். இவ்வண்டியில் ஏறத்தாழ 0.7 லிட்டர் எண்ணெயே இயந்திரம், கியர், கிளட்ச் ஆகிய மூன்றையும் காக்கிறது. எண்ணெய் குறைந்தாலோ கெட்டுப்போனாலோ, சத்தமும் கியர் முரண்டும் சேர்ந்தே வரலாம். ‘ஜாசோ எம்.ஏ.’ எனக் குறிக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் எண்ணெயையே பயன்படுத்த வேண்டும். கார்களுக்கான சில எண்ணெய்கள் கிளட்ச்சை வழுக்கச் செய்யும். செலவு குறைந்ததை முதலிலும் செலவு மிகுந்ததை இறுதியிலும் சோதிப்பதே சிக்கனமான முறை.

பணம் மட்டுமன்று, உயிரும் இதில் அடங்கியுள்ளது. மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. ஓடும்போது அறுந்த சங்கிலி பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் திடீரென நின்றுவிடும். சந்திப்பைக் கடக்கும்போது கியர் விடுபட்டால், பின்னால் வரும் லாரிக்கு அது தெரியாது.

சத்தத்தைக் கூர்ந்து கேட்டுக் காரணம் காணும் இந்த ஆற்றல் ஒரு தொழிலாகவும் மலரலாம். பழுதுபார்க்கும் கலையை முறையாகப் பயில்வோர் மலேசியத் திறன் சான்றிதழை மூன்று நிலைகளில் பெற முடியும். கோளாறு பெரிதாகும் முன் வண்டி நமக்கு அறிவிப்புத் தந்துவிடுகிறது. அதைச் செவிமடுப்பதே அதை ஓட்டுபவரின் முதற்கடமை.