பயிற்சி நிலையமா, வீட்டுப் படிப்பா?

அண்மையில் உறவினர் இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். பதினோராம் வகுப்பு முடித்த மகளை, நிலத்தை அடகு வைத்தேனும் விடுதியோடு கூடிய நீட் பயிற்சி நிலையத்தில் சேர்த்தே தீர்வது என்று தந்தை நின்றார். வீட்டிலிருந்தே படிப்பேன் என்று மகள் நின்றாள். எம்மைத் தீர்ப்புச் சொல்லக் கேட்டனர். அன்று சொன்னதையே இங்கு விரித்து எழுதுகின்றோம்.

முதலில் எந்தப் படிப்பிற்கு எந்தத் தேர்வு என்று தெளிதல் வேண்டும். தமிழகப் பொறியியற் கலந்தாய்விற்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தை 100க்கும், இயற்பியல், வேதியியல் இரண்டையும் சேர்த்து 100க்கும் கணக்கிடும் 200 மதிப்பெண்ணே அதற்கு அளவுகோல். மருத்துவத்திற்கோ 2017 முதல் இங்கும் நீட் தேர்வே வழி. 2025இல் 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள் தந்தனர். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண்; தவறானால் 1 குறையும். அறிந்த வினாவைக் கவனமின்றித் தவறவிட்டால் இழப்பு ஐந்து என்பதைப் பிள்ளைகள் உணர்வதில்லை.

தத்துவார்த்த சூத்திரம், அகத்தவங்களுள் ஒன்றாகிய சுவாத்தியாயத்தை ஐந்தாக வகுக்கிறது: படித்தல், ஐயம் வினவுதல், மீள மீளச் சிந்தித்தல், பிழையின்றி ஓதிப் பதித்தல், பிறர்க்கு எடுத்துரைத்தல். அறநூற் கல்விக்குச் சொன்னதாயினும் பள்ளிப் பாடத்திற்கும் இவ்வைந்தும் வேண்டும். இவற்றுள் நான்கினைப் பிள்ளை தானே செய்தல் வேண்டும். எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் மற்றவர் செய்து தர இயலாது. வினவுதல் ஒன்றிற்கே ஆசிரியர் இன்றியமையாதவர்.

இதனை யாம் காலந்தாழ்த்தியே அறிந்தோம். 1992இல் எம் மகன் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வுக்கென நாள்தோறும் பேருந்தில் நகரத்து நிலையத்திற்குப் போய் வந்தான். குறிப்பேடுகள் மூன்று நிரம்பின. இரவு களைத்து உறங்கிவிடுவான். எழுதியதை ஒருமுறையேனும் திறந்து பார்த்தானில்லை. ஆசிரியராயிருந்தும், நிரம்பிய ஏட்டைக் கண்டே யாம் மகிழ்ந்திருந்தோம். அவன் விரும்பிய இடம் கிட்டவில்லை.

ஆகவே அப்பெண்ணுக்கு முந்தைய ஆண்டின் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, மூன்று மணி நேரம் அறையில் தனித்து எழுதச் செய்தோம். தவறுகளை மூன்றாகப் பிரித்தோம்: படிக்காமல் விட்டவை, படித்திருந்தும் கணக்கில் பிழைத்தவை, விடையைக் காட்டிய பின்னும் விளங்காதவை. முதல் வகைக்குப் புத்தகம் போதும். இரண்டாம் வகைக்குக் கடிகாரத்தை வைத்துப் பழகுதல் போதும். மூன்றாம் வகை மிகுந்திருந்தால்தான் ஆசிரியரைத் தேடிப் பணம் செலவிட வேண்டும். அவளுக்கு உயிரியலில் மூன்றாம் வகை ஏறத்தாழ இல்லை. இயற்பியலிலோ பாதிக்கு மேல் அதுவே.

இடையில் இரண்டு செய்திகள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கும் பிள்ளையைப் பயிற்சியின் பொருட்டுத் தனியார் பள்ளிக்கு மாற்றுவோர், 2020இல் வந்த 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு கைவிட்டுப் போவதை எண்ணுவதில்லை. விடுதியை நாடுவோர் மாலை உணவு வேளையைக் கேட்டறிதல் நலம். எட்டரை மணிக்குச் சோறிடும் இடத்தில் நம் பிள்ளை பட்டினி கிடக்கும், அல்லது வழக்கத்தை விட்டுவிடும். பெற்றோர் கட்டணத்தைக் கேட்கின்றனரேயன்றி இதனைக் கேட்பதில்லை.

தந்தைக்கு முழு நிறைவில்லை. ஆயினும் நிலம் அடகுக்குப் போகவில்லை. ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் வாரம் நான்கு நாள், ஐயங்களை எழுதி எடுத்துக்கொண்டு, மகள் செல்கிறாள். உயிரியலைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்குச் சொல்லித் தருகிறாள். ஐப்பசியில் மற்றொரு வினாத்தாளை வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கின்றோம். அப்போதும் மூன்றாம் வகை குறையாதிருந்தால் தந்தையின் சொற்படியே செய்வது என்று மகளும் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.